பார்த்தவர்களும் வாங்கியவர்களும்

முத்து,

செவ்வாய்க்கிழமை மதியம் நான் சூலக்கரைக்குப் பஸ் ஏறிப் போய் வளர்மதியைப் பார்த்தேன். உன்னிடம் கேட்கவில்லை. உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு மாப்பிள்ளையைப் பெற்றவள் பெண் வேலை பார்க்கிற ஆபீஸுக்கே போய் நிற்பது நம் பக்கத்தில் வழக்கமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் போனேன். போய், உன் கம்பெனியின் பெயர் பரவிய அளவுக்குச் சரக்கு விற்கவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். இந்த வரியைப் படித்ததும் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. கோபப்படு. ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு. போனில் சொல்லியிருந்தால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "ஆரம்பிச்சிட்டியாம்மா" என்பாய். அதனால்தான் கடையில் ஆள் வராத இந்த வெயில் நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் அம்மா சந்தேகக்காரி என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். பால்காரரிலிருந்து பூசாரி வரைக்கும் நான் யாரையும் விட்டதில்லை. ஆனால் பிறக்கும்போதே நான் இப்படி இல்லை. நம் வெடிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்த பிறகு வந்தது இது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு சீசனில் பெரிய பெட்டி வெடி ஒன்று புதிதாக வந்தது உனக்கு நினைவிருக்காது. மேலே போய்ப் பூவாக விரிந்து, அந்தப் பூவின் ஒவ்வொரு இதழும் மறுபடியும் ஒரு பூவாக விரியும். சாத்தூர் ரோட்டில் காரை நிறுத்தி இறங்குகிற ஒவ்வொருவரும் அதைத்தான் கேட்டார்கள். மதுரைக்காரர்கள், கோயம்புத்தூர்க்காரர்கள், கர்நாடகா வண்டிக்காரர்கள், எல்லோரும். உன் அப்பா நாலு நாள் அந்தப் பேச்சைக் காதில் வாங்கினார். ஐந்தாம் நாள் வேறு லோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பின்னறை முழுக்க அந்தப் பெட்டியை இறக்கினார்.

அந்தச் சீசன் முழுக்க நான் கல்லாவில் இருந்து பார்த்தேன். வந்தவர்கள் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தார்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். "சூப்பரா இருக்குங்க" என்றார்கள். பிறகு அதை அப்படியே திரும்ப வைத்துவிட்டு, கம்பி மத்தாப்பும் தரைச்சக்கரமும் புஸ்வாணமும் வாங்கிக்கொண்டு போனார்கள். தீபாவளி முடிந்த மறுநாள் பின்னறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உன் அப்பா என்னிடம் கேட்டார். "எல்லாரும் இதைத்தான கேட்டாக?" "கேட்டாக. வாங்கலையே" என்றேன். எனக்கு அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாராவது ஒரு சரக்கைப் புகழ்ந்தால் அவர்கள் கையைத்தான் பார்ப்பேன். வாங்கப் போகிறவர் பெரும்பாலும் புகழ மாட்டார். அட்டை நசுங்கியிருக்கிறதே என்பார், போன வருஷச் சரக்கா என்பார், இத்தனை பீஸ்தானா என்பார். புகழ்கிறவர் காரில் ஏறிப் போய்விடுவார்.

நீ பெங்களூரில் அந்த இறக்குமதிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது, கோல்ஃப் மட்டை விற்கிற வேலை என்று சொன்னதும் உன் அப்பா சிரித்தார். "டிரைவர் நல்லாப் போகுதுப்பா" என்று நீ போனில் சொன்னபோது, அது ஒரு வகை மட்டையின் பெயர் என்று தெரியாமல், கம்பெனி லாரி டிரைவரைத்தான் சொல்கிறாய் என்று அவர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் நீயும் விவேக்கும் அந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக மட்டை செய்து விற்கப் போகிறோம் என்றீர்கள். நான் தடுக்கவில்லை. நீ உழைப்பாய் என்று எனக்குத் தெரியும். அட்டைப்பெட்டியை நம் ஊரிலேயே அடித்துக்கொள்ளலாம் என்று உன் சித்தப்பாவின் ஆப்செட் பிரஸ்ஸில் ஆர்டர் கொடுத்தாய். கறுப்பும் பொன்னிறமுமாகப் பெட்டி வந்தபோது அவர் ஒன்றைக் கொண்டுவந்து கடையில் காட்டினார். வெடிப்பெட்டியையே பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு அது ஏதோ நகைப்பெட்டி மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு ஊரில் உன் பேச்சுத்தான். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் "ஒங்க மகன் கம்பெனி அங்கன பெரிசாப் போகுதாமே" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் போனில் உன் படங்களைப் பார்த்திருக்கிறார்கள். பச்சைப் புல்வெளி, வெள்ளை பேன்ட் போட்ட பெரிய மனிதர்கள், அவர்கள் தோளில் உன் கம்பெனிப் பெயர் போட்ட பை. நானும் கொஞ்ச நாள் அந்தப் பெருமையில்தான் இருந்தேன். பிறகு ஒருநாள் உன் சித்தப்பா காலண்டர் வேலை நடுவில் டீ குடிக்கக் கடைக்கு வந்தவர் சும்மா பேச்சுவாக்கில் கேட்டார். "ஏன் மதினி, முத்து வேற எங்கனயும் பெட்டி அடிக்கானா? மொத ஆர்டருக்குப் பெறகு எங்கிட்ட வரவே இல்லையே." அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தொழில் வேறு பிரஸ்ஸுக்குப் போய்விட்டதோ என்ற வருத்தம் அவருக்கு. எனக்குத்தான் சுருக்கென்றது. மட்டை போனால் பெட்டியும் போகும். பெட்டி தீர்ந்தால் மறுபடி ஆர்டர் வர வேண்டும். நீ வேறு எங்கும் பெட்டி அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் மறுநாளே வேறு ஏதோ கேட்பது போல உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் நீ எங்களைப் பெங்களூருக்குக் கூப்பிட்டாய். பெரிய போட்டி நடக்கிறது, நம் ஸ்டாலை வந்து பாருங்கள் என்றாய். முதலில் உன் அறைக்குப் போனோம். கட்டில் போக மிச்ச இடமெல்லாம் கறுப்புப் பெட்டி, கூரை வரைக்கும். "புது லோடும்மா, இப்பத்தான் வந்திருக்கு" என்றாய். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். அடியில் இருந்த பெட்டிகள் எல்லாம் மேலே இருந்த பாரத்தில் நசுங்கி அகலமாகிக் கிடந்தன. நேற்று இறக்கிய பெட்டி அப்படி நசுங்காது. முப்பது வருஷமாகப் பெட்டிக்கு நடுவில் வாழ்கிறவளிடம் நீ அந்தப் பொய்யைச் சொன்னாய். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் நீ எப்படித் தூங்குகிறாய் என்ற நினைப்புத்தான் வந்தது.

மறுநாள் மைதானத்தில் நீ சொன்னது போலவே உன் ஸ்டாலில் கூட்டம் அலைமோதியது. வருகிறவர்கள் மட்டையை எடுத்து வீசிப் பார்த்தார்கள், வலைக்குள் பந்தை அடித்தார்கள், கம்ப்யூட்டரில் எவ்வளவு தூரம் போனது என்று பார்த்துச் சிரித்தார்கள், நீங்கள் இலவசமாகக் கொடுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். விவேக் எனக்கு நாற்காலி போட்டு, இளநீர் வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று சொன்னான்.

"ரெஸ்பான்ஸ் பயங்கரமா இருக்கு ஆன்ட்டி."

"எத்தனை மட்டை போச்சு தம்பி?"

"காலையில இருந்து நிக்க இடமில்ல ஆன்ட்டி. நீங்களே பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன். எத்தனை போச்சு?"

"நம்ம வீடியோ இப்ப எல்லா கிளப் குரூப்லயும் சுத்துது. நேத்து ஒரு பெரிய கோச் அதைப் பார்த்துட்டு அவரே பேசினாரு."

நான் எத்தனை தடவை விற்பனையைக் கேட்டாலும் அவன் பார்த்தவர்களைத்தான் சொன்னான். பையன் உன்னை ஏமாற்றுகிறான் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன். அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏமாற்றுகிறவனுக்குக் கேள்வி கேட்டால் எரிச்சல் வரும். அவனுக்கு வரவில்லை. சொல்லச் சொல்ல அவன் முகம் மலர்ந்தது. அவன் வேலையை விட்டு, தன் கையில் இருந்ததையெல்லாம் உன்னோடு போட்டவன். அவனும் நம்புகிறான். அது தெரிந்தபோது எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. ஒருவன் திருடன் என்றால் அவனை விலக்கிவிட்டுப் பிழைத்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் ஒரே கூட்டத்தைப் பார்த்து மயங்கி நின்றால் யார் யாரை எழுப்புவது?

சாப்பாட்டு நேரத்தில் உன் அப்பா நிழலில் கண்ணயர்ந்தார். நான் எழுந்து மெதுவாக நடந்தேன். உன் படங்களில் எல்லாம் வருகிறாரே, வெள்ளை மீசைக்காரர், அவர் மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மட்டையோடு உன் கம்பெனிப் பை. நான் உன் அம்மா என்று அவரிடம் சொல்லவில்லை. அது தப்பு என்று நீ சொல்லலாம். சொல்லியிருந்தால் அவரும் சூப்பர் என்றுதான் சொல்லியிருப்பார். தமிழ் நன்றாகவே பேசினார், வேலூரில் படித்தவராம். "இந்த மட்டை எங்கன வாங்குனீக?" என்று கேட்டேன்.

"இதுவா? வாங்கலம்மா. அங்க ஸ்டால் போட்டிருக்காங்களே, அந்தப் பசங்க கொடுத்தாங்க. நல்ல பசங்க. போட்டோ எடுக்கிற அன்னிக்கு இதைத் தூக்கிட்டு வருவேன்."

"ஆடுறதுக்கு?"

"ஆடறதுக்கு என் பழைய செட் கார்ல இருக்கு."

"அப்ப இது நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு மட்டை கைக்குப் பழகிட்டா பத்து வருஷம் அதை விட மாட்டோம். யாரோ பெரிய ஆட்டக்காரன் டிவியில எதை வெச்சு ஆடறான்னு பேசுவோம். பேசறதோட சரி." அவர் சிரித்துக்கொண்டே தூரத்தில் இருந்த குளத்தைக் காட்டினார். "எங்க காசெல்லாம் அங்க போகுது. வாராவாரம் பந்து தண்ணிக்குள்ள போயிடும். கையுறை கிழிஞ்சு போகும். அதைத்தான் வாங்கிட்டே இருப்போம்."

திரும்பி வரும் வழியில் அவர் சொன்னதையே கண்ணால் பார்த்தேன். வாசல் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. போர்டு கூட இல்லை. ஒருவர் கூடையில் பழைய பந்துகளையும் கையுறைகளையும் வைத்துக்கொண்டு நின்றார். உன் ஸ்டாலில் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்ட அதே ஆட்கள் அங்கே வந்து, ஒரு வார்த்தை பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு ஒரு பை பந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே யாரும் போட்டோ எடுக்கவில்லை.

சாயங்காலம் எங்களைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது நீ கேட்டாய். "எப்படிம்மா இருந்துச்சு?" உன் முகத்தைப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை வைத்துக்கொண்டு வாசலில் நின்ற அதே முகம். "நல்ல கூட்டம்லே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஊரே உன்னிடம் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். பஸ் ஓசூர் தாண்டும் வரைக்கும் உன் அப்பா உன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வளர்மதியின் ஜாதகம் வந்தது அதற்குப் பிறகு. அவள் அப்பா ஆனைக்குட்டம் பக்கத்தில் தோட்டமும் கிணறுமாக விவசாயம் பார்க்கிறவர். தரகர் உன் படங்களைத்தான் அவரிடம் காட்டியிருக்கிறார். அவர்கள் வீட்டில் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் சரி என்றார்கள். அதை நான் அறிவேன், வாயைத் திறக்கவில்லை. கல்யாணமாகி வருகிறவளுக்கு நீ சொல்லிக்கொள்வாய், அதற்குள் வியாபாரமும் கொஞ்சம் நிமிர்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமை அவர் கடைக்கு வந்தார். வெயிலில் வண்டியில் வந்தவருக்கு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னார்.

"தங்கச்சி, கெணத்துத் தோட்டத்தைக் குடுத்துரலாம்னு இருக்கேன். ஆளு வந்திருக்கு."

"எதுக்குண்ணே? நல்லா வெளையுற நெலமாச்சே?"

"வெளைஞ்சு என்ன செய்ய? எனக்குப் பெறகு யாரு பாக்கப் போறா? மாப்பிள்ளை கம்பெனியில போட்டுட்டா புள்ளைக்கும் ஒரு பங்கு இருக்கும்ல. அந்த விவேக் தம்பிகிட்டப் பேசிட்டேன். இப்பச் சேர்ந்தா நல்லதுன்னு சொன்னாக."

"முத்துகிட்டப் பேசுனீகளா?"

"மாப்பிள்ளைகிட்டக் கேட்டா வேண்டாம்னுதான சொல்லுவாக. மரியாதைக்காரப் புள்ளை. கல்யாணத்தன்னிக்குக் கையில குடுத்துருவம்."

நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாயா முத்து? நான் பெற்ற பிள்ளை, சொல்லியிருப்பாய் என்றுதான் மனசு சொல்கிறது. ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. விவேக் உன்னிடம் சொல்லாமலா அவரிடம் பேசினான், சொல்லிவிட்டா பேசினான் என்று அன்றிலிருந்து இன்றுவரை யோசிக்கிறேன். உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ என்ன சொன்னாலும் அதை நான் நம்ப மாட்டேன் என்று பயந்தேன். அது உன் குற்றமில்லை. அன்று அந்த நசுங்கின பெட்டிகளைப் பார்த்ததிலிருந்து அப்படி ஆகிவிட்டது.

அதனால்தான் சூலக்கரைக்குப் போனேன். கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து ஆள் அனுப்பினேன். வளர்மதி சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் "வாங்க அத்தை, சாப்பிட்டீகளா?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள். புளிச்சோறு. என்னால் ஒரு வாய் கூட வைக்க முடியவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். பெட்டி, ஸ்டால், மீசைக்காரர், அவள் அப்பாவின் தோட்டம், எல்லாவற்றையும். நான் முடித்ததும் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள்.

"தோட்டத்தை விக்கப் போறது எனக்குத் தெரியாது அத்தை. மத்தது தெரியும்."

"எப்படிம்மா தெரியும்?"

"படம் வந்த அன்னிக்கே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. எல்லாப் படத்துலயும் அதே நாலஞ்சு பேரு. அடியில நல்லா இருக்குன்னு எழுதியிருக்கவுக எல்லாம் சிவகாசி, திருத்தங்கல்காரக. ஒங்க சொந்தக்காரகளாத்தான் இருக்கணும். அவுக எங்கன கோல்ஃப் ஆடப் போறாக? அதான், மட்டைக்கு அடியில சின்னதா விக்கப் போட்டிருந்த கையுறை ஒண்ணை எங்க ஆபீஸ் அக்கா பேருல ஆர்டர் போட்டுப் பாத்தேன்."

"வந்துச்சா?"

"வந்துச்சு. மறுநாளே அக்கா நம்பருக்குப் போனும் வந்துச்சு, நான்தான் எடுத்தேன். 'மேடம், சரியா வந்து சேர்ந்துச்சா, அளவு சரியா இருக்கா'ன்னு. பேரைச் சொல்லி ஒங்க மகன்தான் பேசுனாக. ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் பேசுனாக. அம்புட்டு வியாபாரம் நடக்கிற கம்பெனியில ஓனரு ஒத்தக் கையுறைக்கு இம்புட்டுத் தரம் பேசுவாகளா அத்தை? அப்பவே வெளங்கிருச்சு."

எனக்கு இருபது வயதில் இந்தச் சந்தேகம் இருந்திருந்தால் எத்தனையோ தப்பித்திருப்பேன். பிறகு அவளிடம் நேராகவே கேட்டேன். "இம்புட்டுத் தெரிஞ்சும் ஏம்மா சரின்னு சொன்ன?"

அவள் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள். "இதுதான் இருக்கிறதுலயே நல்ல கையுறையான்னு கேட்டேன். இல்ல மேடம், வெயில்ல ஆடுனா ரெண்டு மாசத்துல தோலு காஞ்சு வெடிச்சிரும், இதைவிட நல்லது இருக்கு, வெலைக்கு இது பரவால்லன்னு சொன்னாக. ஆளு தெரியாதவுககிட்ட அப்படிச் சொல்றவுக கூட இருந்து பாக்கலாம்னு தோணுச்சு. ஆனா எங்கிட்ட நேருல பேசுறப்ப அப்படிப் பேசலை அத்தை. போட்டோவுல இருக்கவுக மாதிரித்தான் பேசுனாக. அதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்."

உன்னைப் பற்றி வேறு எதையும் அவள் புகழ்ந்து சொல்லவில்லை. தன் அப்பாவிடம் அவள் இதைச் சொல்லப் போவதில்லையாம். "ஒங்க மகன்தான் வந்து சொல்லணும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் அட்வான்ஸ் வாங்கவிடாம நான் பாத்துக்கிடுறேன். அதுக்குள்ள வரலைன்னா நானே அப்பாகிட்டப் பேசிக்கிடுவேன். அப்பக் கல்யாணத்தைப் பத்தியும் சேர்த்துத்தான் பேசுவேன்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூட வந்தாள்.

பஸ்ஸில் வரும்போது, உண்மையைச் சொல்கிறேன், அவளையும் சந்தேகப்பட்டேன். இத்தனை தெளிவான பெண் ஏன் நம் வீட்டுக்கு வர வேண்டும்? வேறு ஏதாவது இருக்குமோ? பெங்களூர் போக ஆசையோ? வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் என்னையே சந்தேகப்பட்டேன். அந்தத் தோட்டத்தைக் காப்பாற்றத்தான் போனேனா, இல்லை, என் மகன் அடுத்தவள் கைக்குப் போவது பிடிக்காமல் போனேனா என்று. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். நான் யாரையும் சும்மா விடுவதில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

நான் உன்னைத் தொழிலை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. இந்தக் கடைக்கு வந்து உட்கார் என்றும் சொல்லவில்லை. உனக்குப் பந்து தெரியும், கையுறை தெரியும், அதை வாங்குகிறவர்களைத் தெரியும். பழைய கம்பெனியில் மட்டையில் பேர் வரும், சம்பளம் கையுறையிலும் பந்திலும்தான் வரும் என்று நீயே ஒரு பொங்கலுக்கு வந்தபோது சொல்லிச் சிரித்தாய். அது எப்போது உனக்கு மறந்து போனது? விவேக்கோடு உட்கார்ந்து பேசு. அவனைத் திட்டாதே, அவனும் உன்னை மாதிரித்தான் கிடக்கிறான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற பேச்சையே எடுக்காமல் ஒரு நாள் முழுக்க இரண்டு பேரும் பேசிப் பாருங்கள், பேச என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். உன்னைப் புகழ்கிறவர்களைக் கொஞ்சம் தள்ளி நின்று பார். அதில் என்னையும் சேர்த்துக்கொள். அன்று பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம் என்று சொன்னவள் நான்தான்.

சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஆனைக்குட்டத்துக்குப் போ. அவர் தோட்டத்தில்தான் இருப்பார். முதலில் நிலத்தைப் பற்றிப் பேசு, கல்யாணத்தைப் பற்றி அப்புறம். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னாலும் கேட்டுக்கொண்டு வா. அறையில் கிடக்கிற சரக்கை மறைக்காதே, விவேக் அவரிடம் பேசியது உனக்குத் தெரியுமா தெரியாதா என்பதையும் மறைக்காதே. தெரிந்திருந்தால் தெரியும் என்றே சொல். அதை நான் உன்னிடம் கேட்கப் போவதில்லை, அவரிடமே சொல்லிக்கொள்.

"நானும் கூட வரவா" என்று உன் அப்பா கேட்பார், அவரிடம் இன்று சாயங்காலம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அவரைக் கூட்டிக்கொண்டு போகாதே. நானும் வர மாட்டேன். எனக்கு வர ஆசைதான். ஆனால் முப்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். அந்த மனிதர் முகம் வாடுவதைப் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது. உன் படிப்பு, உன் குணம், உன் உழைப்பு என்று எடுத்து அடுக்க ஆரம்பித்துவிடுவேன். அவருக்கு உன்னை விற்கப் பார்ப்பேன். நீ தனியாகப் போ.

அம்மா